மகரிஷி கண்ட மனக்கோயில்

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்புக்கென வெளிமாநிலம் புகுந்த குடும்பங்கள் சிலவற்றைப் பெறுகின்றன, சிலவற்றை இழக்கின்றன. இழப்பனவற்றுள் முதன்மையானது கோயில் மணியோசை. ஊரில் இருந்தவரை இறைவழிபாடு என்பது நாம் ஆராய்ந்து தேர்ந்துகொண்ட ஒன்றாக இருந்ததில்லை. அது காற்றைப் போல நம்மைச் சூழ்ந்திருந்தது. தேர் வந்தால் வடம் பிடித்தோம். மார்கழி வந்தால் விடியுமுன் எழுந்தோம். குலதெய்வத்தின் சந்நிதியில் குழந்தைகளுக்கு முடி இறக்கினோம். ஏன் என்று எவரும் வினவவில்லை. வினவ வேண்டிய தேவையும் எழவில்லை.

இங்கே, இந்தக் கல்கத்தா மாநகரின் குடியிருப்புகளிலே பிறந்து வளரும் நம் மக்களோ வினவுகின்றனர். யாரைக் கும்பிட வேண்டும்? எதற்காகக் கும்பிட வேண்டும்? கும்பிடாவிட்டால் என்ன? இவ்வினாக்களைக் கேட்டுச் சினம் கொள்ளும் பெற்றோர் உண்டு. விடை சொல்லத் தெரியாமல் வாளாவிருந்துவிடும் பெற்றோர் அவரினும் பலர். இரண்டும் பயன் தருவன அல்ல என்பது நம் கருத்து. ஏனெனில் இதே வினாவை இதே மாநகரில், ஏறத்தாழ 190 ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு செல்வர் வீட்டுப் பிள்ளை கேட்டார். கேட்டதோடு நில்லாமல் விடையைத் தேடி வாழ்நாள் முழுவதும் நடந்தார். அவரே மகரிஷி தேவேந்திரநாத தாகூர். இரவீந்திரநாதரின் தந்தை என்றே நம்மில் பலர் அவரை அறிவோம். ஆயினும் தமக்கென ஒரு கடவுள் நம்பிக்கையைத் தாமே தேடி, சோதித்து, அதற்குரிய விலையையும் கொடுத்துப் பெற்ற மனிதர் என்ற முறையில் அவர் வரலாறு தனியே அறியத்தக்கது.

செல்வத்தில் பிறந்த பிள்ளை

தேவேந்திரநாதர் 1817ஆம் ஆண்டு மே மாதம் வடகல்கத்தாவின் ஜோராசாங்கோ மாளிகையில் பிறந்தார். இன்று இரவீந்திர பாரதிப் பல்கலைக்கழகமும் அருங்காட்சியகமும் விளங்கும் அதே மாளிகைதான். தந்தை துவாரகநாத தாகூர் அக்காலத்து வங்கத்தின் பெருவணிகர். வெள்ளையரோடு கூட்டுச் சேர்ந்து கார் தாகூர் கம்பெனியை நடத்தியவர். யூனியன் பாங்கை நிறுவியவர்களுள் முதன்மையானவர். நிலம், நீலி, பட்டு, நிலக்கரி, கப்பல் என அவர் கை வைக்காத தொழில் அரிது.

வீட்டிலே வழிபாட்டுக்குக் குறைவில்லை. துர்க்கை பூசையும் ஜகத்தாத்திரி பூசையும் ஆண்டுதோறும் சிறப்பாக நிகழ்ந்தன. பாட்டியார் அலகாசுந்தரி அன்றாடம் பூசையில் திளைத்தவர்; பேரனைக் கண்ணின் மணியாய் வளர்த்தவர். சிறுவர் தேவேந்திரர் பள்ளிக்குச் செல்லும் வழியில் தந்தனியா காளி கோயிலின் முன் நின்று, தேர்வில் வெற்றி தருமாறு வேண்டிக்கொள்வாராம். இதனை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கின்றார். நம் வீட்டுப் பிள்ளைகள் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டுத் தேர்வுக்குச் செல்வதற்கும் இதற்கும் வேற்றுமை என்ன?

இளமையில் அவருள்ளத்தில் ஒரு வித்து விழுந்தது. பாட்டனார் பெயரால் துர்க்கை பூசைக்கு அழைப்புச் சொல்ல இராஜா ராம்மோகன் ராயிடம் சென்றார். ராம்மோகனரோ, ‘என்னையா அழைக்கின்றாய்!’ என வியந்தவர் போல நோக்கித் தம் மகனிடம் சொல்லுமாறு கூறி அனுப்பிவிட்டார். 1828இல் பிரம்ம சபையைத் தொடங்கி, உருவமற்ற ஒரே பரம்பொருளை வழிபட வேண்டும் என்று போதித்தவர் அவர். அந்தச் சொல்லின் பொருள் சிறுவருக்கு அன்று விளங்கவில்லை. பல ஆண்டுகள் கழித்தே விளங்கிற்று.

நீம்தலாத் துறையில் ஓர் இரவு

பாட்டியாருக்கு இறுதிக்காலம் நெருங்கியது. அக்கால வழக்கப்படி அவரைக் கங்கைக் கரைக்குத் தூக்கிச் சென்றார்கள். உயிர் பிரிய மனமில்லாத அம்மூதாட்டி, தம் மகன் துவாரகநாதன் ஊரில் இருந்திருந்தால் தம்மை இவ்வாறு கொண்டுவர விட்டிருக்கமாட்டான் என்று குறைபட்டுக்கொண்டார். கங்கைக் கரையில் மூன்று இரவுகள் கிடந்தார். மூன்றாம் இரவு, நீம்தலாப் படித்துறையில் ஓர் ஓட்டுக் கொட்டகையின் அருகே, முரட்டுப் பாயின்மீது பேரன் அமர்ந்திருந்தார். வானிலே முழுநிலவு. பாட்டியின் செவியில் விழுமாறு சிலர் நாமசங்கீர்த்தனம் பாடிக்கொண்டிருந்தனர். அவ்வேளையில் இளைஞரின் உள்ளத்தில் சொல்லொணாத ஒரு மாற்றம் நிகழ்ந்தது. செல்வத்தின்மேல் வெறுப்பும், காரணம் அறியாததொரு பேரின்பமும் ஒருங்கே எழுந்தன. தாம் உட்கார்ந்திருந்த அந்தக் கரட்டுப் பாயே தமக்கு உரியதாகவும், மாளிகையின் இரத்தினக் கம்பளங்கள் எல்லாம் அருவருப்பாகவும் தோன்றின என்கின்றார். தமக்கு அப்போது 18 வயது எனக் குறிக்கின்றார்.

இந்நிகழ்ச்சியை விடவும் இதன் பின்விளைவே சிந்தனைக்குரியது. அந்த இன்பம் நிலைக்கவில்லை. பாட்டியார் மறைந்தபின் அதனைத் தேடித் தேடி அலைந்தார், கிட்டவில்லை. உலகமே இருண்டு கிடந்தது. நண்பகல் வெயிலும் கருமையாகத் தோன்றிற்று. கங்கைக்கு அப்பால் உள்ள தாவரவியல் தோட்டத்தில், ஒரு கல்லறையின் பக்கத்தில் தனித்து உட்கார்ந்து பொழுது போக்கினார். மேலைநாட்டுத் தத்துவ நூல்களைப் படித்தார். அவை மனிதனை இயற்கையின் அடிமையாக ஆக்குவதாக அவருக்குப் பட்டது. வடமொழி கற்று மகாபாரதம் பயின்றார். ஒரு கண நேர அனுபவத்தைக் கொண்டு ஆயுள் முழுவதும் வாழ இயலாது. அதனை அறிவினால் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதை இத்துன்பமே அவருக்குக் கற்பித்தது.

சிந்தித்துச் சிந்தித்து ஒரு முடிவுக்கு வந்தார். கண் காட்சியைக் காணும்போது, காண்பவன் ஒருவன் உண்டு என்பதும் உடன் விளங்குகின்றது. அறியப்படும் பொருளுக்கு அப்பால் அறிகின்ற உயிர் உண்டு. இவ்வளவு ஒழுங்காக இயங்கும் உலகுக்குப் பின்னால் அளவற்ற அறிவு ஒன்று இருத்தல் வேண்டும். எல்லையற்ற அதனை ஒரு வடிவில் அடக்குதல் பொருந்தாது. இவ்வாறு தாமே ஆராய்ந்து தெளிந்தார். அப்போதுதான் ராம்மோகனரின் அந்தப் பழைய சொல் நினைவுக்கு வந்தது. தம்பியரோடு கூடி, இனி உருவங்களை வணங்குவதில்லை என்று உறுதி செய்துகொண்டார்.

காற்றில் வந்த ஏடு

ஒருநாள் வடமொழி நூல் ஒன்றிலிருந்து கிழிந்த ஏடு ஒன்று காற்றில் பறந்து அவர் முன் வந்தது. எடுத்துப் பார்த்தார், பொருள் விளங்கவில்லை. உடனிருந்த பண்டிதரிடம் கொடுத்துவிட்டு, அலுவல் காரணமாக யூனியன் பாங்குக்குச் சென்றார். அங்கே மனம் ஒட்டவில்லை. விரைந்து வீடு திரும்பினார். பண்டிதருக்கும் அது புலப்படவில்லை. பிரம்ம சபையின் ஆசாரியரான ராமசந்திர வித்யாவாகீசரை வரவழைத்தார்கள். அவர் கண்டவுடன், இது ஈசாவாஸ்ய உபநிடதம் என்றார். அசைவன யாவும் இறைவனால் நிறைந்தவை என்றும், பிறர் பொருளை விழையாது துறவு மனத்தோடு துய்க்க வேண்டும் என்றும் அதன் கருத்தை விளக்கினார். தாம் தனித்துத் தேடிக் கண்ட முடிவையே பழைய முனிவர்களும் கண்டிருந்தனர் என்று அறிந்தபோது தேவேந்திரர் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நூல் சொல்லியதால் அவர் நம்பவில்லை. தாம் நம்பியதை நூலிலும் கண்டார். இந்த வரிசை முறையை நாம் மறத்தலாகாது; பின்னர் வந்த பெரும் சிக்கலுக்கும் அதன் தீர்வுக்கும் இதுவே திறவுகோல்.

1839ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள், பத்துப் பேர் கொண்டு தத்துவபோதினி சபையைத் தொடங்கினார். ராம்மோகனர் 1833இல் இங்கிலாந்தில் மறைந்தபின் அவர் கண்ட பிரம்ம சமாஜம் ஒளி மங்கிக் கிடந்தது. தேவேந்திரர் அங்குச் சென்று பார்த்தபோது, நான்காம் வருணத்தார் கேளாவண்ணம் வேதம் தனி அறையில் ஓதப்படுவதைக் கண்டார். ஒரே கடவுளைப் போதிக்கும் மேடையில் அவதாரக் கதை சொல்லப்படுவதையும் கண்டார். இரண்டையும் நிறுத்தினார். 1843 டிசம்பர் 21, வங்க நாட்காட்டியின்படி பௌஷ மாதம் 7ஆம் நாள், தாமும் இருபது நண்பர்களுமாக வித்யாவாகீசரிடம் முறைப்படி உறுதிமொழி ஏற்றார். முதிய ஆசாரியர், ராம்மோகனர் விரும்பிய நாள் இதுவன்றோ என்று கண்ணீர் வடித்தார்.

வேதமா, இதயமா?

உறுதிமொழி எடுத்தாயிற்று. எதன்மேல் எடுத்தது? வேதத்தின்மேல். வேதம் பிழையற்றது என்பதே அன்றைய சமாஜத்தின் கொள்கை. ஆனால் அந்த வேதத்தை முழுதும் அறிந்தவர் வங்கத்தில் இல்லை. தேவேந்திரர் ஒரு காரியம் செய்தார். வேதத்துக்கு ஒருவராக நான்கு மாணவர்களைத் தம் செலவில் காசிக்கு அனுப்பினார். 1847இல் தாமும் காசிக்குச் சென்று வேதியர்களை ஓதுவித்துக் கேட்டார்.

கேட்டபின் ஐயம் வலுத்தது. வேள்விகளும் பல தெய்வத் துதிகளும் நிறைந்த அந்நூல்கள் முழுவதையும் தம் நம்பிக்கைக்கு அடிப்படையாகக் கொள்ள முடியவில்லை. தத்துவபோதினிப் பத்திரிகையின் ஆசிரியரான அட்சயகுமார தத்தர், பகுத்தறிவுக்கு மேம்பட்ட நூல் எதுவும் இல்லை என்று வாதிட்டுக்கொண்டே இருந்தார். உபநிடதங்களையேனும் பற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தால், பதினொன்று என எண்ணியிருந்தவை நூற்றுக்கும் மேலாக வளர்ந்து நின்றன. அவற்றுள்ளும் வணங்குவோனும் வணங்கப்படுவோனும் ஒன்றே என்று கூறும் பகுதிகள் அவர் உள்ளத்துக்கு ஒவ்வவில்லை. அன்பு செய்ய இருவர் வேண்டுமன்றோ?

இறுதியில், எந்த நூலும் அடிப்படை ஆகாது என்ற முடிவுக்கு வந்தார். அறிவொளி பெற்ற தூய இதயமே அடிப்படை. இதயம் ஒப்பும் பகுதிகளை நூல்களிலிருந்து ஏற்போம்; ஒவ்வாதவற்றை விடுவோம். 1850 அளவில் சமாஜம் வேதத்தின் பிழையின்மைக் கொள்கையைக் கைவிட்டது. இதற்கு முன்னரே, 1848இல், தேவேந்திரர் உபநிடதக் கருத்துகளைத் தம் உள்ளத்தில் எழுந்தவாறு சொல்லிக்கொண்டே வர, அட்சயகுமாரர் எழுதிக்கொண்டார். மூன்று மணி நேரத்தில் ‘பிரம்ம தர்மம்’ என்னும் நூலின் முதற்பகுதி உருவாயிற்று. மூன்று மணி நேரத்தில் எழுதப்பட்டதேயாயினும், அதற்குப் பின்னால் பத்தாண்டுத் தேட்டம் இருந்தது.

தந்தையின் திவசம்

தனி மனிதனின் நம்பிக்கை அவன் அறைக்குள் இருக்கும்வரை யாருக்கும் இடர் இல்லை. குடும்பத்தின் நடுக்கூடத்துக்கு அது வரும்போதுதான் சோதனை. 1846ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் துவாரகநாதர் இலண்டனில் காலமானார். மழைக்காலத்தில் கங்கையில் படகுப் பயணம் செய்துகொண்டிருந்த மகனுக்கு வழியிலே செய்தி எட்டியது. ஊர் திரும்பி, வெறுங்காலுடன் நடந்து துக்கம் காத்தார். அடுத்து எழுந்தது ஈமச் சடங்கு பற்றிய வினா.

சாளக்கிராமத்தை முன்வைத்துச் சிரார்த்தம் செய்வது குலவழக்கம். உருவத்தை வணங்குவதில்லை என்பது மகனின் உறுதிமொழி. சிறிய தந்தையார், அண்ணன் பெயர் பெரிது, இதனைப் பெரிதுபடுத்தாதே என்று அறிவுரை கூறினார். இந்து சமூகத் தலைவரான ராதாகாந்த தேவர் முறைப்படி செய்யுமாறு சொல்லியனுப்பினார். தம்பியோ, நாம் இவ்வாறு செய்தால் எல்லோரும் நம்மைக் கைவிடுவரே என அஞ்சினார். இறந்த தந்தைக்கு மூத்த மகன் செய்யும் கடமை எத்தகையது என்பதை நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அன்று இரவு அவர் துயில முடியாமல் கிடந்தார். அரைத் துயிலில், முன்பே மறைந்த தாயார் தோன்றி, நீ மெய்யாகவே பிரம்மத்தை அறிந்தவன் ஆனாயா, குலம் தூய்மை பெற்றது என்று வாழ்த்துவதாகக் கனவு கண்டார். காலையில் மனம் உறுதிப்பட்டிருந்தது.

சிரார்த்த நாளன்று கொடைப்பொருள்களைத் தம் நம்பிக்கைக்கேற்ற மந்திரம் சொல்லி அளித்துவிட்டு அவ்விடத்தினின்றும் நீங்கினார். தம்பி உறவினரோடு குலவழக்கப்படி சடங்கை முடித்தார். மறுநாள் விருந்துக்கு உறவினர் வரவில்லை. சுற்றம் அவரை விலக்கிற்று. ஆயினும் அவர் தம்பியைத் தடுக்கவில்லை என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் துர்க்கை பூசை நடக்கும் நாள்களில் அவர் வெளியூர்ப் பயணம் சென்றுவிடுவார். பிறர் பூசையை நிறுத்தமாட்டார். தம் உள்ளத்துக்கு உரிமை கேட்டவர் தம்பியின் உள்ளத்துக்கும் அவ்வுரிமையை விட்டுக்கொடுத்தார்.

கடனும் கடவுளும்

அடுத்த சோதனை பொருளால் வந்தது. 1848ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் யூனியன் பாங்கு முறிந்தது. கார் தாகூர் கம்பெனியும் வீழ்ந்தது. கடன் ஒரு கோடி ரூபாய். வரவேண்டியது எழுபது இலட்சம். பள்ளம் முப்பது இலட்சம் என்று கணக்குக் காட்டுகின்றார். துவாரகநாதர் முன்யோசனையுடன் சில நிலங்களை டிரஸ்டாக எழுதி வைத்திருந்தார். சட்டப்படி கடன்காரர் அவற்றைத் தொட இயலாது. கடன் கொடுத்தோர் கூட்டத்தில் இது அறிவிக்கப்பட்டபோது தேவேந்திரர் எழுந்து, அந்நிலங்களையும் கடனுக்கே ஒப்புவிக்கின்றோம் என்றார். கூடியிருந்தோர் உள்ளம் உருகியது. சொத்துகளின் நிருவாகத்தை ஏற்ற அவர்கள், குடும்பச் செலவுக்கென ஆண்டுக்கு இருபத்தையாயிரம் ரூபாய் ஒதுக்கினார்கள். வண்டிகளும் குதிரைகளும் விலைபோயின. உணவும் உடையும் எளிமையாயின. பல ஆண்டுகள் உழைத்துக் கடனைத் தீர்த்தார். தந்தை அறத்துக்கென வாக்களித்து விட்டுச்சென்ற ஓர் இலட்சம் ரூபாயையும் பிற்காலத்தில் செலுத்தினார்.

கடவுளைத் தம் போக்கில் தேடுகிறேன் என்று கூறுவோரைக் காணும்போது, கடமையினின்றும் தப்புவதற்கு இஃது ஒரு வழிபோலும் என்று பெரியோர் ஐயுறுவது இயல்பு. தேவேந்திரரிடம் அந்த ஐயத்துக்கு இடமில்லை. குலவழக்கு விதித்ததைவிடக் கடுமையான ஒழுக்கத்தை அவர் நம்பிக்கை அவர்மேல் சுமத்தியது. ஒரு நம்பிக்கை மெய்யானதா என்று அறிய இதனினும் நல்ல உரைகல் ஏது?

கைதூக்கிக் கண்ட முடிவு

இதயமே அடிப்படை என்று வைத்தபின், ஒருவர் இதயமும் மற்றொருவர் இதயமும் மாறுபட்டால் என் செய்வது? இவ்வினா விரைவிலேயே எழுந்தது. அட்சயகுமார தத்தர் வேண்டுதலின் பயனைக் கணக்காகப் போட்டுக் காட்டினாராம். உழவன் உழைத்தால் விளைச்சல் கிடைக்கின்றது. உழைத்து வேண்டிக்கொண்டாலும் அதே விளைச்சல்தான். ஆகவே வேண்டுதலின் மதிப்பு சுழியம்! அவர் நண்பர்களோடு ஒரு சபை கூட்டினார். அதிலே கடவுள் ஆனந்த வடிவினரா அல்லரா என்ற கேள்வி எழுந்தபோது, ஆம் என்போர் கைதூக்குக என்று கூறிப் பெரும்பான்மையால் முடிவு கண்டார்களாம். இதனை மகரிஷி வருத்தத்தோடு குறித்துள்ளார். தாம் தேடுவது கடவுளோடு தமக்குள்ள உறவை. நண்பர்கள் தேடுவது புற உலகோடு மனிதனுக்குள்ள உறவை. இரண்டுக்கும் இடையே வானளாவிய தொலைவு என்று எண்ணினார்.

மனம் சலித்து 1856இல் இமயம் நோக்கிச் சென்றார். சிம்லா மலையில் தங்கித் தியானத்தில் ஆழ்ந்தார். அங்கே ஒருநாள் மலையாறு ஒன்று கீழ்நோக்கிப் பாய்வதைக் கண்டார். இத்துணைத் தூய நீர் ஏன் கீழே இறங்கிச் சேறாக வேண்டும்? இறங்கினால் அல்லவோ வயல்கள் விளையும்! நீயும் இறங்கிச் செல் என்று உள்ளிருந்து ஒரு குரல் ஆணையிட்டதாக உணர்ந்தார். 1858இல் கல்கத்தா திரும்பினார். அவர் எழுதிய தம் வரலாறு இவ்விடத்தோடு நின்றுவிடுகின்றது.

இதயம் பிழைபட்டால்?

திரும்பி வந்தவருக்குக் கேசவ சந்திர சேனர் என்னும் ஒளிமிக்க இளைஞர் துணையாக வாய்த்திருந்தார். தந்தையும் மகனும் போல இருவரும் பழகினர். ஆயினும், பூணூல் அணிந்தோர் சமாஜ மேடையில் ஆசாரியராக அமரலாமா என்ற வழக்கில் பிளவு தோன்றியது. தேவேந்திரர் தாம் பூணூலைத் துறந்தவர். ஆனால் பிறரைக் கட்டாயப்படுத்த மனமில்லாதவர். சமூகத்தை மெல்ல மெல்லவே திருத்த வேண்டும் என்பவர். 1866இல் கேசவர் பிரிந்து புதிய சமாஜம் கண்டார். பழையது ஆதி பிரம்ம சமாஜம் எனப் பெயர் பெற்றது.

1872இல் பிரம்ம சமாஜத்தார் முயற்சியால் புதிய திருமணச் சட்டம் வந்தது. அதன்படி மணப்போர் தாம் இந்து முதலிய எச்சமயத்தையும் சார்ந்தவர் அல்லர் என்று உறுதிகூற வேண்டும். ஆதி சமாஜத்தார், நாங்கள் இந்துக்களே என்று கூறி அதனை ஏற்க மறுத்தனர். அச்சட்டம் பெண்ணுக்குப் பதினான்கு வயது வேண்டும் என விதித்தது. சட்டத்துக்காகப் போராடிய கேசவரே 1878இல், பதினான்கு நிறையாத தம் மகளைக் கூச்பிகார் மன்னருக்கு மணம் செய்வித்தார். உள்ளத்தில் இறைவன் இட்ட ஆணை இது என்றார். அவருடைய அன்பர்கள் பலர் மனமுடைந்து, அவ்வாண்டு மே மாதம் சாதாரண பிரம்ம சமாஜத்தை நிறுவினர்.

இந்நிகழ்ச்சி ஒரு கடினமான உண்மையைக் காட்டுகின்றது. நூலை விட்டு இதயத்தைப் பற்றினால், இதயம் தனக்கு வேண்டியதையே கடவுளின் குரலாகக் கேட்கவும் கூடும். மகரிஷியும் முரண்பாடு அற்றவர் அல்லர். பூணூலைத் துறந்த அவரே 1873இல் மகன் இரவீந்திரருக்கு உபநயனம் செய்வித்தார். ஆயினும் அவர் வெறும் இதயம் என்று கூறவில்லை; அறிவொளி பெற்ற, தூய்மையான இதயம் என்றார். கற்றல் வேண்டும், ஆராய்தல் வேண்டும், தன்னலத்தைக் கழித்தல் வேண்டும். தனக்கு இழப்பு நேரும்போதும் அக்குரல் அதையே சொல்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். தந்தையின் சிரார்த்தத்திலும் கடன்காரர் கூட்டத்திலும் அவர் உள்ளம் கேட்ட குரல் அவருக்கு ஆதாயம் தரவில்லை. அதனாலேயே அக்குரலை நாம் நம்புகின்றோம்.

தென்னாட்டுத் தொடர்பு

இவ்வலை தமிழகத்தையும் தொட்டது. கேசவர் 1864இல் சென்னைக்கு வந்து சொற்பொழிவாற்றினார். அவ்வாண்டே அங்கு வேத சமாஜம் எழுந்தது. தத்துவபோதினி என்ற பெயரிலேயே தமிழ் இதழ் ஒன்றும் தோன்றியது. அச்சமாஜத்தை 1871இல் தென்னிந்திய பிரம்ம சமாஜமாக மாற்றியமைத்த ஸ்ரீதரலு நாயுடு, பிரம்ம தர்ம நூலைத் தமிழிலும் தெலுங்கிலும் பெயர்த்தவர். இதே காலத்தில் வடலூரில் இராமலிங்க வள்ளலார் சாதி சமய வேற்றுமைகளைக் கடந்த சன்மார்க்கத்தை 1865இல் சங்கமாக நிறுவி, 1867இல் தருமச்சாலையில் அடுப்பு மூட்டி, 1872இல் ஞானசபையில் ஒளியை வழிபடச் செய்தார். வள்ளலார் பசித்த வயிற்றைக் கண்டு தொடங்கினார். மகரிஷி இறக்கும் பாட்டியைக் கண்டு தொடங்கினார். வங்கமும் தமிழகமும் ஒரே காலத்தில் ஒரே தாகத்தை உணர்ந்தன என்பது நாம் பெருமையோடு நினைத்தற்குரியது. அவற்றுக்கும் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே, பொருளின்றி மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறித்த திருநின்றவூர்ப் பூசலாரை நம் முன்னோர் நாயனாராக வைத்துப் போற்றினர் அன்றோ?

மகன் கையில் கொடுத்த கடிகாரம்

1873இல் பதினொரு வயதுச் சிறுவர் இரவீந்திரரைத் தந்தை இமயத்துக்கு அழைத்துச் சென்றார். வழியில் அமிர்தசரசுப் பொற்கோயிலில் சீக்கியரோடு அமர்ந்து அவர் பாடலில் தாமும் கலந்துகொண்டார். உருவ வழிபாட்டை ஒதுக்கியவர் பிறர் வழிபாட்டை ஒதுக்கவில்லை. மகனிடம் பணப்பெட்டியைக் கொடுத்துச் செலவுக் கணக்கு எழுதச் சொன்னார். தம் பொன் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் பொறுப்பையும் அளித்தார். மகன் மிகுதியாக முறுக்கிப் பழுதாக்கியபோதும் அவர் கடிந்துகொள்ளவில்லை. மலைச்சரிவுகளில் தனியே திரிய விட்டார். விழுந்துவிடுவான் என்று அஞ்சவில்லை. இவற்றை எல்லாம் இரவீந்திரர் தம் நினைவுக் குறிப்புகளில் நன்றியோடு எழுதியுள்ளார்.

அந்த மகன் 1884இல் ஆதி பிரம்ம சமாஜத்தின் செயலாளர் ஆனார். ஆயினும் தந்தையின் நம்பிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. 1930இல் ஆக்ஸ்போர்டில் மனிதனின் சமயம் பற்றிச் சொற்பொழிவாற்றியபோது, தமது சமயம் ஒரு கவிஞனின் சமயம் என்றே கூறினார். தந்தை 1863இல் போல்பூரில் பெற்ற தரிசு நிலத்தில் மகன் 1901இல் பள்ளி தொடங்கினார். தந்தை 1888இல் எழுதிய டிரஸ்டுப் பத்திரம், அங்கே உருவ வழிபாடு கூடாது என்பதோடு எச்சமயத்தையும் இகழ்தல் கூடாது என்றும் விதித்தது. 2023இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட சாந்திநிகேதனம் அதுவே. மகரிஷி 1905 ஜனவரி 19ஆம் நாள் ஜோராசாங்கோ மாளிகையிலேயே மறைந்தார்.

நமக்கு உரியது என்ன?

நாம் அனைவரும் மகரிஷியின் வழியைப் பின்பற்ற வேண்டும் என்பதற்காக இக்கட்டுரை எழுதப்படவில்லை. நம்மில் பெரும்பாலோர்க்கு முருகனும் மாரியம்மனும் பெருமாளும் இன்றும் கண்கண்ட தெய்வங்கள். சிலர்க்குத் தேவாலயமும் பள்ளிவாசலும் புகலிடம். சிலர் எதையும் வணங்காமலே நல்லவராய் வாழ்கின்றனர். லேக் மார்க்கெட்டில் பூச்சரம் வாங்கும் நம் தாய்மார்களின் பக்தியைக் குறை கூற எவர்க்கும் உரிமையில்லை.

நாம் வேண்டுவது ஒன்றே. நம் பிள்ளைகள் வினவும்போது வாயடைக்க வேண்டா. வினவுதல் நம்பிக்கைக்குப் பகையன்று. பல வேளைகளில் அதுவே நம்பிக்கையின் தொடக்கம். நாம் கற்றதைச் சொல்வோம். நம் பாட்டியார் விளக்கேற்றியது ஏன் என்று சொல்வோம். நமக்கு விளங்காததை விளங்கவில்லை என்றும் சொல்வோம். அதனோடு மூன்று அறிவுரைகளைச் சேர்த்துச் சொல்வோம். தேடுவாயாயின் உழைத்துத் தேடு. கண்டதற்கு விலை கொடுக்க அஞ்சாதே. உனக்குக் கேட்கும் உரிமையைப் பிறர்க்கு மறுக்காதே. இம்மூன்றும் இருக்குமாயின், அவர்கள் எக்கோயிலில் நின்று தொழுதாலும், மனத்துக்குள்ளே தொழுதாலும், நாம் கவலைகொள்ள வேண்டுவதில்லை.

ஊர்க்கோயிலின் மணியோசை இந்நகரின் இரைச்சலில் நமக்குக் கேட்பதில்லை. ஆயினும் உள்ளே ஒலிக்கும் மணி ஊர் கடந்தும் உடன் வருவது. அதனை நம் மக்கள் தம் செவியால் தாமே கேட்பார்களாக. நம் சங்கமும் குடியிருப்பும் பல்லாண்டு வாழ்க!